கதவு திறந்த அகலம்

1. ஓட்டத் தெரியாத விற்பனையாளன்

வாகனம் விற்கிற கார் சேலில் வேலை கேட்டுப் போன முதல் நாள் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இப்போது வேலைக்கு வந்திருக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கல்முனை மெயின் வீதியில் இருந்த அந்தக் கார் சேலின் முதலாளியை நாங்கள் எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். வாகனத்தின் டயரைக் காலால் உதைத்துப் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "அது என்ன மாடா?" என்று கேட்டுவிடுவார்.

"லைசன் இரிக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்ல ஹாஜியார்."

"அப்ப என்னதான் தெரியும் ஒனக்கு?"

"கதைக்கத் தெரியும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேசை லாச்சியை இழுத்து ஒரு சாவியை எடுத்துத் தந்தார்.

"அந்த வெள்ளைக் காருக்குள்ள போய்க் குந்து. லுஹர் பாங்கு செல்ற வரைக்கும் எறங்கப்படாது. பொறகு வந்து என்னத்தக் கண்டாய் எண்டு செல்லு."

போய்க் குந்தினேன். அது தரையோடு பதிவான ஒரு சலூன் கார். கதவைச் சாத்தியதும் வீதியின் இரைச்சல் நின்றுபோனது. ஓட்டோக்கள் சத்தமில்லாமல் ஓடின. மீன் விற்கிறவரின் வாய் அசைந்தது, குரல் வரவில்லை. எனக்கு ஊரைக் கனவில் பார்ப்பது மாதிரி இருந்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டே ஒரு ஆயுசைக் கழித்துவிடலாம் என்று அன்றைக்கே தோன்றியது. பகல் தொழுகைக்குப் பாங்கு சொன்ன பிறகும் நான் இறங்கவில்லை. ஹாஜியார்தான் வந்து கண்ணாடியில் தட்டினார்.

"உள்ளுக்கு நல்லாத்தான் இரிக்கி ஹாஜியார். ஆனா கெணத்துக்குள்ள குந்தின மாதிரி. முன்னுக்குப் போற லொறிட டயர்தான் தெரியுது, றோட்டு தெரியல்ல. எறங்கக்குள்ள முழங்காலப் புடிச்சிக்குத்தான் எழும்பின."

"நாளைக்கு வா" என்றார்.

அப்படித்தான் என் உத்தியோகம் தொடங்கியது. ஓட்டப் பிறகு பழகிக்கொண்டேன். ஆனால் ஒரு வாகனத்தைப் பற்றி வாய் திறப்பதற்கு முன்னால் அதற்குள் கொஞ்ச நேரம் சும்மா இருந்து பார்க்கிற பழக்கம் கடைசி வரைக்கும் போகவில்லை. நான் தூங்குகிறேன் என்று நினைத்த வாடிக்கையாளர்களும் உண்டு. அவர்கள் நினைத்ததில் பாதி உண்மை.

2. வெறும் யார்ட்

வாகன இறக்குமதியை நிறுத்தி வைத்திருந்த வருடங்களில் எங்கள் யார்ட் காலியானது. இருந்த வாகனங்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் மணலும் எண்ணெய்க் கறைகளும்தான் மிஞ்சின. ஹாஜியார் என்னை நிறுத்தவில்லை. காலையில் கேட்டைத் திறக்கவும் பின்னேரம் பூட்டவும் ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லி வைத்துக்கொண்டார். பூட்டுவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு கடற்காற்று வரும். நான் கதிரையை யார்டின் நடுவில் போட்டு உட்கார்ந்து, போனில் வெளிநாட்டு வாகனங்களைப் பார்ப்பேன். பார்த்து முடித்துக் கண்ணை மூடினால், ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நிற்கும். இளநீலத்தில் ஒன்று, கூரை மட்டும் கறுப்பு. களிமண் நிறத்தில் ஒன்று. நனைந்த மணலின் நிறத்தில் ஒன்று.

"ஜலீல், இண்டைக்கு எத்தின கார் வித்தாய்?" என்று ஹாஜியார் கடைவாசலில் இருந்து கேட்பார்.

"மூண்டு ஹாஜியார்."

"நல்லம். கணக்கப் பொறகு பாப்பம்."

அந்த நாட்களில்தான் கொம்பெக்ட் குரோசோவர் என்கிற வகை என் மனதைப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகளே, வாடிக்கையாளர் கேட்டால் "சின்ன ஜீப்" என்று சொல்லிவிடாதீர்கள். அது ஜீப் இல்லை. சின்னக் காரின் உடம்புதான், அதைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தியிருக்கிறார்கள். மூக்குக் கட்டை, பின்பக்கமும் கட்டை, அதனால் நெருக்கமான ஊரில் ஒரே திருப்பில் திரும்பும். நாலு டயரும் உடம்பின் நாலு மூலைக்குத் தள்ளப்பட்டிருக்கும், அதனால் வெளியே சிறிதாகவும் உள்ளே பெரிதாகவும் இருக்கும். சில்லைச் சுற்றி ஓடுகிற கறுப்புப் பிளாஸ்டிக்கைப் பார்த்து வீரம் என்று நினைக்காதீர்கள். கல் தெறித்தாலும் மதில் உரசினாலும் பெயின்ட் போகாமல் இருக்கத்தான் அது. பின்னுக்கு எடுக்கும்போது கமரா பாதையைக் காட்டும். சைட் கண்ணாடிகள் ஒரு பட்டனை அமத்தினால் மடிந்துகொள்ளும்.

இதெல்லாம் புறோஷரில் இருக்கிறது. புறோஷரில் சின்ன எழுத்தில் போட்டுவிட்டுப் போகிற ஒன்றுதான் எனக்குப் பெரிது. அந்த வாகனத்தின் இருக்கை மனிதரின் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. சலூனுக்குக் குனிந்து விழ வேண்டும், ஜீப்புக்கும் வேனுக்கும் ஏறித் தொங்க வேண்டும். இதற்கு இரண்டும் வேண்டாம். திரும்பி நின்று, பின்னால் உட்கார்ந்து, காலை உள்ளே எடுத்தால் முடிந்தது. வீட்டுக் கதிரையில் உட்காருவது மாதிரி. எங்கேயோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர், தன் உம்மாவையோ மனைவியையோ நினைத்துக்கொண்டுதான் அந்த உயரத்தைப் படத்தில் கீறியிருப்பார் என்று வெறும் யார்டில் இருந்து யோசிப்பேன். அந்த ஆளுக்கு என் மனதில் ஒரு முகமே இருந்தது.

இறக்குமதி மீண்டும் திறந்து முதல் வாகனம் யார்டுக்குள் வந்தபோது நான் போய் அதன் பொனட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். நனைந்த மணல் நிறம். ஹாஜியார் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

3. சந்தூக்குக் கணக்கு

அந்த வாகனத்தைப் பார்க்க முதலில் வந்தவர் முஸ்தபா காக்கா; காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன், ராத்தா என்றால் அக்கா. சாய்ந்தமருதில் இருப்பவர், சாகாமம் பக்கத்தில் வயல் செய்கிறவர். ட்ரக்டரும் பழைய வேனும் ஓட்டிப் பழகிய கை. வந்தவர் மணல் நிறக் காரைப் பார்க்கவே இல்லை, பக்கத்துக் கடைக்கு முன்னால் நின்ற பெரிய ஜீப்பைக் காட்டினார்.

"அப்பிடி ஒண்டு எடுத்துத் தாங்க தம்பி. உசந்ததா வேணும்."

"என்னத்துக்குக் காக்கா உசந்தது? வயலுக்கா?"

"வயலுக்கு ட்ரக்டர் இரிக்கி. இது எங்கிட வீட்டுக்காரிக்கி. பதிஞ்ச காருக்குள்ள குனிஞ்சி குந்த அவக்கு ஏலா."

பிறகுதான் விஷயம் வந்தது. அவருடைய மனைவி ரஹ்மத்துக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கொஞ்சம் தேறி, தடியும் துணையும் இருந்தால் சில எட்டு நடக்கிறார். அம்பாறைக்குக் கொண்டுபோய்த் தொடர்ந்து பிசியோதெரபி செய்தால் கை கால் திரும்பும், இந்தக் காலத்தை விட்டால் இப்படியே நின்றுவிடும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் ரஹ்மத் ராத்தா வீட்டை விட்டு வெளியே வர மாட்டேன் என்கிறார். அந்த வருத்தம் வந்து விழுந்த அன்று அவரைப் பெட்ஷீட்டில் போட்டு, நாலு ஆண்கள் தூக்கி, மெயின் வீதியில் கடைகளுக்கு முன்னால் வைத்து வேனில் ஏற்றினார்கள். அவர் நினைவோடுதான் இருந்தார். கடைக்காரர்களின் முகங்களை எல்லாம் கண்டார்.

"மவுத்தானாப் பொறகு நாலு பேர் தூக்கட்டும், உசிரோட இன்னொருக்கா என்ன றோட்டுல வெச்சுத் தூக்கப்படாது எண்டு செல்றா. வேன் ஒழுங்கைக்குள்ள போகா. ஓட்டோவுல அம்பாறை வரைக்கும் அவக்குக் குந்தி இரிக்க ஏலா. அவ வெளிய வரா. நான் என்ன செய்ற?" என்றார் முஸ்தபா காக்கா. எனக்கு அவரைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது, காரைப் பார்த்தேன்.

இங்கே எங்கள் ஊர்களின் அமைப்பைச் சொல்ல வேண்டும். எங்களிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். மகள்மாருக்கு வீட்டுக் காணியை, வளவைப் பிரித்து, ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுப்பார்கள். ரஹ்மத் ராத்தாவின் வாப்பாவும் அப்படித்தான் செய்தார். பின் வளவு மூத்த மகள் ரஹ்மத்துக்கு, வீதியோரத்து முன் வளவு இளைய மகள் ஜெஸீமாவுக்கு. பின் வீட்டுக்குப் போக, முன் வளவின் ஓரமாக ஒரு ஒடுங்கிய பாதை, அதுதான் ஒழுங்கை. ரஹ்மத் ராத்தாவுக்கு ஒரே மகன். அவனும் முறைப்படி கலியாணம் முடித்து அக்கரைப்பற்றில் பெண் வீட்டோடு இருக்கிறான். ஆக, வீட்டில் புருஷனும் பெண்சாதியும் மட்டும்தான்.

இப்படியான ஒழுங்கைகளை எங்கள் பக்கத்தில் மீற்றரால் அளப்பதில்லை. இறந்தவரின் ஜனாஸாவை வைத்துச் சுமந்து போகிற சந்தூக்கு, அதன் இரண்டு பக்கமும் தோள் கொடுக்கிற ஆட்கள், இவ்வளவும் போகிற அகலம் விட வேண்டும். வளவு பிரிக்கும்போது பெரியவர்கள் இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதனால் எங்கள் தொழிலிலும் ஒரு கணக்கு வந்துவிட்டது. "ஒழுங்கைக்குள்ள சந்தூக்கு வருமா?" என்று கேட்போம். வரும் என்றால் இந்த அளவுச் சின்னக் கார் வரும். அந்தக் கணக்கில் எத்தனையோ வாகனம் கொடுத்திருக்கிறோம், ஒன்றும் பிழையாகப் போனதில்லை.

"சந்தூக்கு வருமா காக்கா?"

"வரும். மாமா அத வெச்சுத்தான் ஒழுங்கை விட்டவர்."

"அப்ப ஜீப்ப உடுங்க. இதுக்குள்ள வந்து குந்துங்க" என்று மணல் நிறக் காரின் கதவைத் திறந்தேன். அவர் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அவக்கு இது ஏலும்" என்றார் மெதுவாக.

4. ஒழுங்கைக்குள்

வாங்குவதற்கு முன்னால் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது என்று முடிவானது. காரை நான்தான் ஓட்டிப் போனேன். ஒழுங்கை வாயில் கண்ணாடிகளை மடித்தேன். வலப்பக்கம் அடுத்த வீட்டுக்காரரின் சுவர், அது வீட்டின் சுவரே, அதை ஒன்றும் செய்ய முடியாது. இடப்பக்கம் ஜெஸீமாவின் வளவு மதில், ஆள் உயரம். நான் வலப்பக்கச் சுவரோடு ஒட்டி, இடப்பக்கம் நடக்க இடம் விட்டு உள்ளே போனேன். நாலு பக்கத்துச் சென்சரும் கத்தத் தொடங்கின. அதை நிற்பாட்டியதும் பெரிய அமைதி. ஹைபிரிட் என்பதால் மெதுவாகப் போகும்போது எஞ்சின் இயங்காது, பேட்டரியில் போகும். மணலில் டயர் நசிகிற சத்தம் மட்டும் கேட்டது. மேலே ஒரு துண்டு வானம் என்னோடு வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. இந்த வாகனம் இந்த ஒழுங்கைக்கென்றே கீறப்பட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

காரின் மூக்கு ரஹ்மத் ராத்தாவின் வாசற்படிக்குக் கிட்டப் போய் நின்றது. என் பக்கக் கதவைத் திறக்க இடமில்லை. நான் உள்ளேயே இருந்தேன்.

முஸ்தபா காக்கா மனைவியைப் பிடித்துக்கொண்டு வந்தார். ரஹ்மத் ராத்தா நல்ல உயரமான பெண். இடக்கையைப் பொனட்டில் ஊன்றி, ஊன்றி, காரின் ஓரமாக நடந்தார். அந்தக் கையின் பாரம் எனக்கு ஸ்டியரிங்கில் தெரிந்த மாதிரி இருந்தது. முன் கதவைத் தாண்டி வந்து நின்றார். "திறங்க தம்பி" என்றார் காக்கா. நான் உள்ளே இருந்து கதவைத் தள்ளினேன்.

கதவு பாதி திறந்து, மதிலில் முட்டி நின்றது.

சுகமான ஆளென்றால் அந்த இடைவெளியால் நுழைந்து உட்கார்ந்துவிடலாம். ரஹ்மத் ராத்தாவுக்கு அது ஏலாது. அவர் காருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முதலில் உட்கார வேண்டும், பிறகுதான் காலை எடுக்க வேண்டும். திரும்புவதற்குக் கதவு இடம் விடவில்லை. பக்கவாட்டில் முயன்றார். வலக்கால் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார். முழங்கால் கதவின் ஓரத்தில் அடிபட்டது. நான் கையை நீட்டினேன், எட்டவில்லை.

அவர் நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கினார். பிறகு அந்த மதிலைப் பார்த்துக்கொண்டு, உரக்கவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல் சொன்னார்:

"வாப்பா மையித்துப் போறத்துக்கு இடம் விட்டிரிக்காரு. உசிரோட போறத்துக்குத்தான் இடம் விடல்ல."

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்ப் பைப் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது.

"காரக் கொண்டு போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு ரஹ்மத் ராத்தா வந்த வழியே பொனட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போனார். நான் கமராவைப் பார்த்து ரிவர்ஸில் வெளியே வந்தேன். திரையில் பச்சைக் கோடும் மஞ்சள் கோடும் அழகாகத்தான் விழுந்தன. எனக்கு அழுகை வந்தது.

முஸ்தபா காக்கா வீதி வரைக்கும் நடந்து வந்தார். "அந்த மதில்…" என்று நான் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். மதில் கட்டும்போது ஜெஸீமா ஒழுங்கைப் பக்கமாக ஒரு சாண் தள்ளிப் போட்டுவிட்டாள் என்று ராத்தா சொல்ல, இல்லை என்று தங்கச்சி சொல்ல, அன்றோடு பேச்சு நின்றதாம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், பெருநாளைக்கும் முகம் பார்ப்பதில்லை. வாதம் வந்த அன்றும் ஜெஸீமா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாளே தவிர இந்தப் பக்கம் வரவில்லை.

"அதக் கதைக்காதீங்க. அது திறக்காத கதவு" என்றார்.

5. ஒரு கல்லு

அன்று பின்னேரம் யார்டில் அந்தக் காரின் நாலு கதவையும் அகலத் திறந்துவிட்டு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். புறோஷரில் நீளம் இருந்தது, அகலம் இருந்தது, உயரம் இருந்தது. கதவு திறந்த அகலம் எங்கேயும் இல்லை. காரை ஓட்டிப் போவதற்கு மட்டும் எல்லோரும் அளந்திருக்கிறோம். ஆள் ஏறுவதற்கு ஒருவரும் அளக்கவில்லை. சந்தூக்கில் ஏறுகிறவருக்குக் கதவு தேவைப்படாது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தேன். வெயில் தாழ்ந்து, திறந்த கதவுகளின் நிழல் மணலில் நீண்டது. கதவுக்கும் அதன் நிழலுக்கும் இடையில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. உயர்ந்த கார் அல்லவா, கதவின் அடி ஓரமும் உயரத்தில் இருந்தது. எழுந்து போய்க் காலை வைத்துப் பார்த்தேன். என் முழங்காலுக்குச் சற்றுக் கீழே வந்தது. யார்டின் மூலையில் கட்டட வேலைக்கு வாங்கி மிஞ்சிய புளொக்கல்லு ஒன்று கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து கதவுக்குக் கீழே வைத்தேன். கதவு அதற்கு மேலால் தாராளமாகப் போய் வந்தது. பதிவான காரின் கதவென்றால் இடித்திருக்கும்.

மதிலை உடைக்க வேண்டாம். ஒரு கல்லு உயரம் மிஞ்சினால் போதும். எல்லை இருந்த இடத்திலேயே இருக்கும், கதவு அதற்கு மேலால் திறக்கும்.

நான் அடுத்த நாளே ஜெஸீமாவின் வீட்டுக்குப் போனேன். அவர் புருஷனை இழந்தவர், வீட்டில் தையல் வகுப்பு நடத்துகிறார். கதவோரமாக நின்றுகொண்டே கேட்டார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். காணி ஒரு விரலும் போகாது, அத்திவாரம் அசையாது, உயரம் மட்டும்தான் என்று சொன்னேன். கதைக்கத் தெரியும் என்று வேலை வாங்கினவன் நான், அன்றைக்குச் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"ராத்தா கேக்கச் சென்னாவா காக்கா?"

"இல்ல தங்கச்சி."

"அவ கேக்க மாட்டா." தையல் மெஷினில் கிடந்த துணியை இழுத்து மடித்தார். "நீங்க போங்க" என்றார்.

தேத்தண்ணி கூடத் தரவில்லை. எங்கள் ஊரில் தேத்தண்ணி தராமல் அனுப்புவது என்றால் அதற்குப் பிறகு நம்பிக்கை வைக்க ஒன்றுமில்லை. யார்டுக்கு வந்து ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ கார் விக்கிறியா, மதில் விக்கிறியா?" என்றார். ஆனால் அந்தக் காரை வேறு ஒருவர் கேட்டு வந்தபோது, பேசி வைத்திருக்கிறது என்று அவரே சொல்லி அனுப்பினார்.

6. கதவு

ஒரு காலை முஸ்தபா காக்காவின் போன் வந்தது. "தம்பி, காரக் கொண்டு வாங்க" என்றார். உடனே போனை வைத்துவிட்டார்.

ஒழுங்கைக்குள் எட்டிப் பார்த்தேன். மதில் வீதிப்பக்கத்தில் அப்படியே இருந்தது. உள்ளே, கார் நிற்கிற நீளத்துக்கு, ஒரு கல்லு உயரம் மட்டும் விட்டு மிச்சத்தை எடுத்திருந்தார்கள். உடைத்த மாதிரி இல்லை. மேலே சீமெந்து பூசி, விளிம்பை உருட்டி வழுவழுப்பாக்கி இருந்தது. அதற்கு மேல் பழைய சைக்கிள் டயரை நீளமாக வெட்டிப் பதித்திருந்தது, கதவு தவறிப் பட்டாலும் கீறல் விழாமல். மேசனுக்குப் பக்கத்தில் நின்று ஜெஸீமாதான் எல்லாம் செய்வித்தாராம். ராத்தாவிடம் ஒரு வார்த்தை கதைக்கவில்லையாம்.

"இண்டைக்கு நீங்க ஓட்டுங்க காக்கா" என்று சாவியை முஸ்தபா காக்காவிடம் கொடுத்தேன். நாளைக்கு அவர்கள் இரண்டு பேரும் தனியே செய்ய வேண்டிய வேலை அது. நான் பின் சீற்றில் ஏறிக்கொண்டேன். அவர் கார் ஓட்டுகிறவர் மாதிரி இல்லை, கையில் முட்டை வைத்திருக்கிறவர் மாதிரிக் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்திய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. அவருடைய பக்கம் சுவர், அவரால் இறங்க முடியாது. ரஹ்மத் ராத்தாவை இந்தப் பக்கம் பிடிப்பதற்கு ஆள் இல்லை. அந்நிய ஆணான நான் பிடிக்கவும் முடியாது.

ராத்தா வாசலில் தடியோடு நின்றார். எங்களைப் பார்த்தார். பிறகு தானே இறங்கி, பொனட்டில் கையை ஊன்றி நடக்கத் தொடங்கினார். முஸ்தபா காக்கா உள்ளே இருந்து "பிஸ்மில்லாஹ், பிஸ்மில்லாஹ்" என்றுகொண்டே இருந்தார். ராத்தா முன் கதவைத் தாண்டி வந்து நின்றதும் காக்கா எட்டிக் கதவைத் தள்ளினார்.

கதவு திறந்தது. அந்த ஒரு கல்லுக்கு மேலால், ஜெஸீமாவின் வளவுக்குள் முழுதாகத் திறந்தது.

ரஹ்மத் ராத்தா காருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். திரும்பியபோது எதிரே ஜெஸீமா நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை, கையில் தையல் ஊசியும் நூலும் அப்படியே இருந்தன. ஊசியைத் தோளில் சட்டைத் துணியில் குத்திவிட்டு, மதிலுக்கு மேலால் இரண்டு கையையும் நீட்டினார்.

"புடி ராத்தா."

ரஹ்மத் ராத்தா உடனே பிடிக்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு தன் நல்ல கையைக் கொடுத்தார். கெட்ட கையை ஜெஸீமாவே எடுத்துக்கொண்டார்.

"மெதுவாக் குந்து. பின்னுக்கு சீற்று இரிக்கி. பயப்புடாத கா, நான் உட மாட்டன்."

உட்கார்ந்தார். ஒரு கால் உள்ளே வந்தது. மற்றக் காலை ஜெஸீமா குனிந்து எடுத்து வைத்தார். முஸ்தபா காக்கா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். ஹோர்ன் அமந்து ஒரு சத்தம் போட்டது. எல்லோரும் திடுக்கிட்டோம், பிறகு ரஹ்மத் ராத்தாதான் முதலில் சிரித்தார்.

"சாணுக்குச் சண்டை புடிச்ச மதிலுக்கு என்ன செஞ்ச கா நீ?"

"அது அங்கதான் இரிக்கி. குனிஞ்சி பாரு" என்றார் ஜெஸீமா.

இரண்டு பேரின் கையும் விடுபடவில்லை. பிறகு ரஹ்மத் ராத்தா, "அம்பாறையில எறங்கக்குள்ள ஆரு புடிக்கிற?" என்று கேட்டார். யாரைக் கேட்டார் என்று சொல்லவில்லை.

"அபாயாவப் போட்டுக்கு வாறன், நில்லு" என்று ஜெஸீமா உள்ளே ஓடினார்.

நான் இறங்கி என் இடத்தை விட்டுக்கொடுத்தேன். ஜெஸீமா ஒற்றைக் கல்லைத் தாண்டி வந்து பின் சீற்றில் ஏறினார். கதவுகளைச் சாத்தினார்கள். கார் சத்தமில்லாமல் பின்னுக்குப் போனது. கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சகோதரிகளின் வாயும் ஒரே நேரத்தில் அசைந்தது, குரல் கேட்கவில்லை. கல்முனை மெயின் வீதியில் வெள்ளைக் காருக்குள் குந்தியிருந்த அந்த முதல் நாள் எனக்கு ஞாபகம் வந்தது. அன்று நான் உள்ளே இருந்தேன், இன்று வெளியே நிற்கிறேன். கனவு மாத்திரம் அதேதான்.

அந்தப் பயணத்தில் நான் போகவில்லை. ஆனாலும் எனக்கு அது தெரியும். காரைதீவில் மேற்கே திரும்பி, மாவடிப்பள்ளி தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். அப்போது கதிர் பழுக்கிற காலம். பதிவான காரில் போனால் வீதியோரத்துப் புல்தான் தெரியும். இந்த இருக்கையின் உயரத்துக்கு வரம்புகள் எல்லாம் தெரியும், வயலின் கடைசி வரைக்கும் தெரியும். இவ்வளவு நாளும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அவ்வளவு தூரம் தெரிந்திருக்கும்.

யார்டுக்கு ஓட்டோவில் வந்து இறங்கினேன்.

"கார் எங்க ஜலீல்?" என்றார் ஹாஜியார்.

"மாவடிப்பள்ளியால போகுது ஹாஜியார்."

"ஒன்ட கனவுலயா, உண்மையிலயா?"

"உண்மையில."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார்.

நான் ஓய்வு பெற்ற பிறகும் பின்னேரங்களில் யார்டுக்குப் போகிறேன். புது வாகனம் வந்தால் முதலில் அதன் நாலு கதவையும் முழுதாகத் திறந்துவிட்டு நிற்பேன். "பேட்டரி எறங்குது காக்கா, சாத்துங்க" என்று இப்போதிருக்கிற பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள். கொஞ்சம் இறங்கட்டும். பிள்ளைகளே, ஒழுங்கையை அளக்கப் போகும்போது கதவைத் திறந்து அளந்து பாருங்கள், அந்தக் கதவால் ஏறப் போகிறவர் யார் என்று கேளுங்கள், ஏறும்போது அவருக்குக் கை கொடுக்க எதிரே யார் நிற்பார் என்றும் கேளுங்கள்.